தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்பலாமா?

கேட்பவர்: நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. தைராய்டு சுரப்பியின் இருபுறமும் பல கட்டிகள் இருப்பதால் சுரப்பியை முழுவதும் அகற்றிவிட வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். ஊசி குத்தி எடுத்த சோதனையில் புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் வலப்பக்கக் கட்டி மூச்சுக்குழாயைச் சற்று ஒதுக்கியிருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொல்கிறது.

காலையில் அறுவை சிகிச்சை செய்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் மாலையிலேயே டிஸ்சார்ஜ் செய்துவிடலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மருத்துவமனைப் படுக்கையில் அம்மாவுக்குத் தூக்கமே வராது என்பதால் அவர் உடனே தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளாக இதய மருத்துவரின் அறிவுரைப்படி குறைந்த அளவு ஆஸ்பிரினும் எடுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும். அன்றிரவு அப்பா மட்டுமே உடன் இருப்பார். அவருக்குக் காது சற்று மந்தம்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உண்மையில் எதற்காகப் பயப்பட வேண்டும், அந்த ஆபத்து எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், மருத்துவரிடம் எதைக் கேட்பது என்றாவது எனக்குத் தெளிவு கிடைக்கும். வீணாக அச்சப்படுகிறேன் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி: செந்தாழை

நான் அன்றே வீடு திரும்பியவள் என்பதால் முதலில் எழுதுகிறேன். காலை எட்டரை மணிக்கு அறுவை அரங்குக்குள் போனேன், இரவு ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். தொண்டையில் சற்று எரிச்சல், கழுத்தைத் திருப்பினால் இறுக்கம், இவ்வளவுதான். மூன்றாவது நாள் தையலைப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார்கள்.

ஆனால் எனக்கு எடுத்தது இடப்பக்கப் பாதியை மட்டும். அப்போது வயது 34, வேறு நோய் எதுவும் இல்லை, வீடு மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடத் தொலைவு. அன்றிரவு என் தங்கை உறங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் அனுபவத்தை வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவையும் அனுப்பலாம் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டையும் தைராய்டு ஆபரேஷன் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, இரண்டும் ஒன்றல்ல என்பதை என் மருத்துவரே எனக்கு விளக்கினார்.

மறுமொழி: இரவுப்பணி

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் வீணாக அச்சப்படவில்லை. பயப்பட வேண்டியது முதன்மையாக ஒன்றே: கழுத்துக்குள் இரத்தம் கசிந்து தேங்குவது. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே அது நேர்கிறது என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கண்ணால் காண்பதில்லை. நேர்ந்துவிட்டால் அதற்குத் தரப்படும் அவகாசம் மிகச் சிறிது என்பதுதான் அதன் தனித்தன்மை.

வயிற்றிலோ தொடையிலோ அறுவை செய்த இடத்தில் அரைக் கிண்ணம் இரத்தம் தேங்கினால் வீக்கமும் வலியும் வரும். மறுநாள் கவனித்தாலும் பெரிய கேடில்லை. கழுத்தில் அந்த இடவசதி கிடையாது. முன்கழுத்துத் தசைகளைச் சேர்த்துத் தைத்துவிட்ட பிறகு உள்ளே இருக்கும் இடம் ஓர் இறுக்கமான பை போன்றது. அங்கே சேரும் இரத்தம் மூச்சுக்குழாயை நசுக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் காவலாக இருப்பதால் அது எளிதில் நசுங்குவதில்லை. அந்த அழுத்தத்தில் முதலில் அடைபடுபவை மெல்லிய சிரைகளும் நிணநாளங்களும்தான். தலைப்பக்கத்திலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் இறங்க வழியில்லாமல், குரல்வளையின் உட்சவ்வு நீர்கோத்து வீங்கிவிடுகிறது. வெளியே கழுத்து லேசாகத்தான் பருத்திருக்கும், உள்ளே மூச்சுவிடும் வாசல் அடைபட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மயக்க மருந்து நிபுணருக்கே மூச்சுவிட உதவும் குழாயைத் தொண்டை வழியே செலுத்துவது கடினம். அதனால்தான் சிகிச்சையின் முதற்படி குழாய் செலுத்துவதாக இல்லாமல், படுக்கையிலேயே தையலைப் பிரித்து, தோலையும் தசையையும் திறந்து, தேங்கிய இரத்தத்தை வெளியேற்றுவதாக இருக்கிறது. பிரிட்டனில் மயக்க மருத்துவர்களும் தைராய்டு அறுவை மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. அதற்கான கருவிகள் அடங்கிய பெட்டி நோயாளியின் கட்டிலருகே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் வார்டில் அந்தப் பெட்டியை ஒவ்வொரு பணிமாற்றத்தின் போதும் திறந்து சரிபார்க்கிறோம்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். இப்படிக் கசிபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரியும். மிகச் சிலருக்கு அதற்கும் பிறகு, இரண்டாம் நாளிலும்கூட வந்ததுண்டு. ஆகவே காலை பத்து மணிக்கு முடிந்த சிகிச்சைக்கு மாலை ஐந்து மணி டிஸ்சார்ஜ் என்றால், ஆபத்தின் முதற்பாதியைத்தான் மருத்துவமனையில் கழிக்கிறீர்கள்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மதியம் சிகிச்சை முடிந்த ஒரு பெண்மணி இரவு பதினொரு மணி வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, தலையணையை உயர்த்துங்கள், படுக்கப் பிடிக்கவில்லை என்றார். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது, கழுத்துக் கட்டுத்துணியில் இரத்தக் கறை இல்லை. எச்சில் விழுங்கச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். எதையோ சொல்ல முடியாத ஒரு தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. மருத்துவரை அழைத்த பத்து நிமிடத்துக்குள் கழுத்து இறுகத் தொடங்கியது. அங்கேயே தையல் பிரிக்கப்பட்டது. பிறகு அரங்குக்குக் கொண்டுபோய்க் கசிந்த நாளத்தைக் கட்டினார்கள். நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். விழுங்கச் சிரமம், படுக்க முடியாமை, காரணம் தெரியாத பதற்றம், குரல் மாற்றம், வேகமான மூச்சு, கழுத்தில் இறுக்கம் இவையெல்லாம் முன்னால் வருபவை. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்பதும் ஆக்சிஜன் அளவு இறங்குவதும் பின்னால் வருபவை. அவை வரும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

உள்ளே சேரும் இரத்தத்தை வெளியே எடுக்க வடிகுழாய் வைத்தால் கவலையில்லை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இரத்தம் உறைந்தால் குழாயும் அடைத்துக்கொள்ளும். குழாயில் ஒன்றும் வராததைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடக்கூடும்.

மறுமொழி: நெய்தல்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி இது: அன்றே வீட்டுக்கு அனுப்புவது இவ்வளவு ஆபத்தானது என்றால், பல இடங்களில் ஆயிரக்கணக்கானோரை அப்படி அனுப்பி, கேடு ஒன்றும் கூடுதலாக இல்லை என்று ஆய்வுகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி? எங்கள் மருத்துவரும், தான் அனுப்பிய யாருக்கும் இதுவரை ஒன்றும் நேரவில்லை என்றார்.

மறுமொழி: கழுத்தறுவை

தைராய்டு அறுவை சிகிச்சையிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் சொல்ல முயல்கிறேன். தங்கள் தாயாரின் கேள்வி மிகச் சரியான கேள்வி.

அந்த ஆய்வுகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் அன்றே அனுப்பப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இளையவர்கள், வேறு நோய் இல்லாதவர்கள், சிறிய கட்டி உடையவர்கள், அறுவை சிக்கலின்றி முடிந்தவர்கள் ஆகியோரையே மருத்துவர்கள் மாலையில் அனுப்பியிருக்கிறார்கள். அரங்கில் சற்றே தொல்லை கொடுத்தவர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். இரு கூட்டத்தையும் ஒப்பிட்டால் வீட்டுக்குப் போனவர்கள் நலமாக இருந்ததாகத்தான் கணக்கு வரும். அவர்கள் வீட்டுக்குப் போனதால் நலமாக இருக்கவில்லை, நலமாக இருந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தேர்ந்தெடுத்து அனுப்பினால் பாதுகாப்பானது என்று அந்த ஆய்வுகளிலிருந்து முடிவுக்கு வரலாம். எல்லோரையும் அனுப்பலாம் என்று முடிவுக்கு வர முடியாது.

எனக்கு இதுவரை ஒன்றும் நேரவில்லை என்ற சொல்லை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. 300 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு கேடு நேரவில்லை என்றால், 3-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள்: அந்தக் கேட்டின் உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்று வரை இருக்கலாம் என்ற சாத்தியத்தை அந்த 300 பேரின் நலமும் மறுக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று என்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் அளவே. ஆகவே ஒரு தனி மருத்துவரின் நல்ல அனுபவம், அது எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கப் போதாது.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை இதில் நிதானமான ஒன்று. கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, தக்க முன்னேற்பாடுகளோடு, அன்றே அனுப்பும் முறையைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்கிறது. உடனே, யாரை அனுப்பத் தயங்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும் ஆஸ்பிரின் போன்றவையும் எடுப்பவர்கள், கட்டுப்படாத இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், மிகப் பெரிய கட்டியோ மார்புக்குள் இறங்கிய கட்டியோ உள்ளவர்கள், மருத்துவமனையிலிருந்து வெகுதூரத்தில் வசிப்பவர்கள், துணைக்கு ஆளில்லாதவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் வருகிறார்கள். பேச்சுத் தொடர்பில் தடை இருப்பதும், நோயாளிக்கே விருப்பமில்லாததும்கூட அதில் இடம்பெற்றிருக்கின்றன. தாங்கள் எழுதியதை இந்த வரிசையோடு வைத்துப் பாருங்கள். ஆஸ்பிரின், ஒரு மணி நேரத் தொலைவு, முழுச் சுரப்பி நீக்கம், காது மந்தமான ஒரே துணை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நான் யோசித்திருப்பேன். நான்கும் சேர்ந்திருக்கும்போது யோசிக்க மாட்டேன். ஓர் இரவு தங்க வைத்துவிடுவேன்.

ஆஸ்பிரினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறுவைக்கு முன் அதை நிறுத்துவதா, தொடர்வதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். ஏன் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். வீட்டில் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்.

இனி, இரவுப்பணிச் செவிலியர் தொடாத இன்னொரு பக்கம். தைராய்டுக்குப் பின்புறம் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோருக்கு நான்கு என்ற எண்ணிக்கையில், உளுந்தளவே உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவைதான். தைராய்டை முழுவதும் எடுக்கும்போது அவற்றை விட்டுவைத்தாலும், அவற்றுக்கு வரும் நுண்ணிய இரத்த ஓட்டம் அலைக்கழிந்து சில நாள் அல்லது சில வாரம் அவை சோர்ந்துவிடக்கூடும். முழு நீக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தற்காலிகமாகக் கால்சியம் குறைகிறது. நிரந்தரமாகக் குறைவது அனுபவமுள்ள கைகளில் அரிது. பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தவருக்கு மறுபக்கச் சுரப்பிகள் தொடப்படாமல் இருப்பதால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. செந்தாழை அவர்கள் இரண்டும் ஒன்றல்ல என்று சொன்னதன் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் குறைவு மெதுவாக இறங்கி, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் அடிமட்டத்தைத் தொடும் என்பது. ஓர் இரவு தங்கினாலும் அதைக் காண மாட்டீர்கள். இரத்தக்கசிவு முதல் நாளின் ஆபத்து என்றால் கால்சியம் மூன்றாம் நாளின் ஆபத்து. ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றதற்கு உதவாது. இதற்கு நல்ல வழி, பாராதைராய்டு ஹார்மோனைச் சுரப்பி அகற்றிய சில மணி நேரத்துக்குள் அளந்துவிடுவது. அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும் என்பதால், சுரப்பிகள் சோர்ந்திருந்தால் அன்றே அளவு தாழ்ந்து தெரிந்துவிடும். கால்சியம் இறங்குவதற்கு முன்பே மாத்திரை தொடங்கிவிடலாம். பல மருத்துவர்கள், சோதனைக்குக் காத்திராமல் முழு நீக்கம் செய்த எல்லோருக்கும் சில வாரம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தே அனுப்புகிறார்கள்; அதுவும் ஏற்கத்தக்கதே.

குரல் நரம்பைப் பற்றி யாராவது பயமுறுத்தியிருக்கலாம். இருபக்க நரம்பும் செயலிழப்பது மிக அரிது. நேர்ந்தால் மயக்கம் தெளிந்து குழாயை எடுத்த உடனேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் நேரத்தோடு அதற்கு அதிகத் தொடர்பில்லை.

மறுமொழி: மருதம்

மேலே சொன்ன மூன்றாம் நாளை நான் நேரில் கண்டேன். என் கணவருக்கு முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். இரண்டு இரவு மருத்துவமனையில் வைத்திருந்து, கால்சியம் 8.6 என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இயல்பின் கீழெல்லையில் இருக்கிறது, பரவாயில்லை என்றார்கள். மாத்திரை ஏதும் தரவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மாலை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். நாங்கள் களைப்பு என்று விட்டுவிட்டோம். இரவில் விரல்நுனிகள் மரத்தன. விடியற்காலையில் இரண்டு கைவிரல்களும் தாமாகவே குவிந்து இறுகிக்கொண்டன; அவரால் விரிக்க முடியவில்லை. அவசரப் பிரிவில் சிரை வழியாகக் கால்சியம் ஏற்றிய சிறிது நேரத்தில் கை தளர்ந்தது. அப்போது அளவு 6.9 இருந்தது.

இரண்டு இரவு தங்கியதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்தோம். உதட்டில் ஊரல் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று யாராவது ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த விடியற்காலை எங்களுக்கு வந்திருக்காது. எத்தனை இரவு என்று கேட்பதோடு, போகும்போது என்ன எழுதித் தருவீர்கள் என்றும் கேளுங்கள்.

மறுமொழி: நெய்தல்

நேற்று மருத்துவரைச் சந்தித்தோம். நீங்கள் எல்லோரும் எழுதியதைத் தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். ஆஸ்பிரினையும் வீட்டின் தொலைவையும் சொன்னதும் அவரே, ஓர் இரவு தங்கட்டும் என்றார். முன்பு குறிப்பு எடுத்த இளம் மருத்துவர் ஆஸ்பிரினை எழுதாமல் விட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதய மருத்துவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரவில் வார்டில் தையலைத் திறக்கத் தெரிந்தவர் யார் இருப்பார் என்று கேட்டேன். அறுவைப் பிரிவின் பணி மருத்துவர் அதே தளத்தில் இருப்பார் என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அவர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைக் கேட்கத்தான் எனக்கு அவ்வளவு தயக்கமாக இருந்தது.

அன்று மாலையே பாராதைராய்டு ஹார்மோன் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் கால்சியம் சோதனைக்கு எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்வகத்துக்குச் சீட்டு எழுதித் தந்துவிட்டார். அம்மா இரண்டு தலையணையோடு வரலாமா என்று மட்டும் கேட்டார், வரலாம் என்றார்கள். வீடு திரும்பிய முதல் ஐந்து இரவும் நான் அவருடன் இருப்பேன்.

ஒரே ஒரு ஐயம். வீட்டுக்கு வந்ததும், அகற்றிய சுரப்பியின் ஹார்மோனுக்கு ஈடான தைராக்சின் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்தே தொடங்கும் என்றார். இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாமா?

மறுமொழி: கழுத்தறுவை

ஒன்றாக வேண்டாம். கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடலில் சேராது. தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள். கால்சியத்துக்கும் அதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி இருக்கட்டும்; மதிய உணவோடும் இரவு உணவோடும் கால்சியத்தை வைத்துக்கொண்டால் மறக்காது. அம்மா வயிற்று எரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை எதையாவது தொடர்ந்து சாப்பிடுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கால்சியம் கார்பனேட் சரியாகச் சேராது, கால்சியம் சிட்ரேட்டாக மாற்றித் தருவார். ஏதாவது ஒரு நாள் தைராக்சின் தவறிவிட்டால் பதற வேண்டாம், அது உடலில் ஒரு வாரம் அளவுக்குத் தங்கும். கால்சியம் அப்படியல்ல, முதல் ஒரு வாரம் அதை மட்டும் ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்.